எலிக்கூண்டில் எழுத வேண்டிய பெயர்

பழனிக்கு மேற்கே, கொழுமம் போகும் வழியில், மலைத்தொடரை விட்டு விலகித் தனியே நிற்கிறது ஐவர்மலை. அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே இயற்கையாக அமைந்த நீண்ட குகைத்தளம். அதற்கு மேல் பாறை நெற்றியில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒட்டி வட்டெழுத்தில் சிறு சிறு பொறிப்புகள். அந்தப் பொறிப்புகள் உருவத்தில் இருப்பவர் யார் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. செய்வித்தவர் யார் என்பதையே சொல்கின்றன. ஆனைமலை, அழகர்மலை, சமணர்மலை என்று பாண்டிய நாடெங்கும் காணப்படும் சமணத் துறவி அச்சணந்தியின் பெயர் இங்கேயும் இருக்கிறது. இதே மலையின் இன்னொரு கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று காலத்தைக் குறித்துவிட்டு, குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததைப் பதிவு செய்கிறது. யார் செய்தார், யாருடைய மாணவர், எந்த ஆண்டு, எதற்காக, எவ்வளவு என்ற ஐந்து விவரமும் அதில் உண்டு. பிற்காலத்து ஊர் வழக்கு இந்த மலையைப் பஞ்ச பாண்டவர் கதையோடு சேர்த்துவிட்டது. எழுத்து இருந்ததால் மட்டுமே எவருடைய பொறுப்பில் எது நடந்தது என்பது இன்றைக்குத் தெரிகிறது.

கிட்டத்தட்ட இதே விவரங்களை இன்றைக்கு வேறோர் இடத்தில் எழுதச் சொல்கிறார்கள். மருந்தியல் கல்லூரியோ, மருத்துவ ஆய்வு நிறுவனமோ, எலியும் சுண்டெலியும் வளர்க்கும் விலங்கு இல்லம் இருக்கிற இடமெல்லாம் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் ஓர் அட்டை செருகியிருக்கும். விலங்கு எங்கிருந்து வந்தது, எந்த வகை, ஆணா பெண்ணா, பிறந்த தேதி, எத்தனை உருப்படி, எந்த ஆய்வுக்கு அனுமதி, பொறுப்பான ஆய்வாளர் யார், எப்போது தொடங்கியது என்பன அதில் இருக்க வேண்டும். விலங்குகள் மீதான சோதனைகளை மேற்பார்வையிடும் ஒன்றிய அரசுக் குழுவின் வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் கேட்கின்றன. இதைப் பண்டக சாலைக் கணக்கு என்று நினைப்பவர்களே அதிகம். அரிசி மூட்டையில் ரகமும் தேதியும் எழுதுவது போல இதுவும் ஒரு வசதி, தவறினால் கணக்கு தப்பும், அவ்வளவே என்பது அவர்கள் எண்ணம். இந்த அட்டை முதன்மையாக ஓர் அறக் கடமை என்பது என் கருத்து. இன்னோர் உயிரின் முழு வாழ்வையும் கையில் எடுத்துக்கொண்டவர் தம் பெயரை அந்த உயிரின் பக்கத்தில் எழுதி வைக்கக் கடன்பட்டவர். அட்டை அந்தக் கடனின் ஒப்புதல். அது கடனைத் தீர்த்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லா உயிருக்கும் இந்த எழுத்து தேவையில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். பழனி மலைக் காடுகளில் மரம் விட்டு மரம் தாவும் மலையணிலுக்கு அட்டை கிடையாது. கொடைக்கானல் ஊருக்குள்ளேயே சாவகாசமாக நடந்து போகும் காட்டெருமைக்கும் கிடையாது. அவை பசித்தால் மேய்கின்றன, அஞ்சினால் ஓடுகின்றன, நோயுற்றால் சாகின்றன. அவற்றின் பிறப்புக்கோ இறப்புக்கோ நேரம் குறித்தவர் எவரும் இல்லை. இயேசு சபையினர் 1895இல் செண்பகனூரில் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளுக்குச் சீட்டு உண்டு. அங்கே கேட்கப்படும் கேள்வி இது என்ன இனம் என்பதுதான்; இனப்பெயரே போதும். கூண்டெலியின் நிலை இரண்டிலும் சேராது. அது உயிரோடு இருக்கிறது. ஆனால் அதன் வாழ்வில் அதன் கையில் எதுவும் இல்லை. எப்போது பிறக்க வேண்டும், எதோடு சேர வேண்டும், என்ன தின்ன வேண்டும், விளக்கு எப்போது அணைய வேண்டும், எந்த நோயை ஏற்க வேண்டும், எந்த நாளில் சாக வேண்டும் என்பதெல்லாம் இன்னொருவர் முடிவு. ஓர் உயிரின் வினைகளையெல்லாம் அதற்குப் பதிலாக வேறொருவர் செய்யும்போது, அந்த வேறொருவர் யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. காட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கூண்டில் அதுவே முதல் கேள்வி.

அட்டை தப்பினால் என்ன ஆகிறது என்று பார்த்தால் இது வெறும் கணக்கல்ல என்பது இன்னும் விளங்கும். கூண்டுகளை வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ மாற்றுவார்கள். ஊழியர் விலங்குகளை எடுத்து, புது உமி பரப்பிய சுத்தமான கூண்டில் விட்டு, பழைய கூண்டின் அட்டையை உருவிப் புதியதில் செருக வேண்டும். இந்தச் சின்னக் கைவேலையில்தான் பெரும்பாலான குழப்பம் நேர்கிறது. இரண்டு அட்டைகள் இடம் மாறினால் இரண்டு கூண்டு விலங்குகளின் வரலாறும் ஒன்றோடொன்று மாறிப்போகும். அட்டை தொலைந்தே போனால், எந்த மருந்து உடம்பில் ஏறியது, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தெரியாத விலங்கு ஆய்வுக்கு உதவாது. உதவாத விலங்கை எவரும் ஓய்வு கொடுத்து வளர்ப்பதில்லை; பெரும்பாலும் அதைக் கொன்றுவிடுவார்கள். சோதனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே நியாயம், இந்த வலியால் ஓர் அறிவு கிடைக்கிறது, அந்த அறிவால் நோயாளி பிழைக்கிறார் என்பது. அட்டை தொலைந்த கணத்தில் அந்த நியாயமும் தொலைந்துவிடுகிறது. ஊசி குத்தியாயிற்று, கட்டி வளர்ந்தாயிற்று, வலி பட்டாயிற்று. பயன் மட்டும் இல்லை. அதைவிட மோசம், தொலைந்ததை மறைத்துத் தோராயமாக ஓர் எண்ணை எழுதி ஆய்வைத் தொடர்வது. அப்போது அந்த எலியின் வலியிலிருந்து ஒரு பொய் பிறக்கிறது.

கூண்டுக்கு அட்டை போதும். ஆனால் ஒரே கூண்டில் நாலைந்து விலங்குகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிய வேண்டும். இங்கே அடையாளம் உடம்புக்கே வந்துவிடுகிறது. நம் ஊர் மருந்தியல் ஆய்வகங்களில் வெள்ளெலிகளின் மேல் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள் கறையைப் பார்க்கலாம்: ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில், ஒன்றுக்கு எதுவும் இல்லாமல். ரோமம் வளர வளரக் கறை மங்கும். மீண்டும் இட வேண்டும். காதில் துளையிடுவது, காதில் உலோகத் தகடு மாட்டுவது, வாலில் பச்சை குத்துவது, தோலுக்கடியில் சில்லு பொருத்துவது ஆகியவையும் உண்டு. கண் திறக்காத குட்டியின் கால்விரல் நுனியை வெட்டி அடையாளம் செய்யும் பழக்கமும் இருந்தது. வேறு வழியே இல்லாதபோது மட்டும், பிறந்த சில நாட்களுக்குள் மட்டும் என்று நெறிகள் இப்போது அதைக் கட்டுப்படுத்துகின்றன. அடையாளம் தேவைப்படுவது ஆய்வாளருக்கு, எலிக்கு அல்ல. ஆகவே அதன் சிரமத்தை ஏற்க வேண்டியவரும் அவரே. கறை மங்குகிறது, திரும்பத் திரும்ப இட வேண்டியிருக்கிறது என்பதற்காக விரலை வெட்டுவது, தன் சோம்பலின் விலையை அடுத்தவர் உடம்பில் வசூலிப்பது.

இந்த இடத்தில், எலிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பார்கள். பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லி இதைச் சமாளிக்கலாம். அந்தச் சலுகை எனக்குத் தேவையில்லை. ஐவர்மலையில் வாழ்ந்தவர்களின் வகைப்பாடே போதும். உயிர்களை ஓரறிவு முதல் ஐந்தறிவு வரை அடுக்கியது சமணம். தொல்காப்பியத்தின் மரபியலிலும் ஆறறிவு வரையிலான அத்தகைய அடுக்கு உண்டு. சமணக் கணக்கில் கருவில் பிறக்கும் ஐம்பொறி உயிர்களுக்கு மனமும் உண்டு. அந்தக் கணக்குப்படி எலியும் யானையும் ஒரே படி. உடல் அளவு அங்கே ஒரு தகுதியே இல்லை. நம் சட்டம் இதற்கு நேர்மாறாக நினைக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 17இல், கினிப்பன்றி, முயல், தவளை, எலி போன்ற சிறு விலங்குகளில் அதே முடிவு கிடைக்குமானால் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. கருணையின் பேரால் எழுதப்பட்ட விதிதான்; ஆனால் பெரியதைக் காப்பாற்றச் சிறியதைக் கொடு என்பதே அதன் பொருள். சிறியது மலிவு, சிறியது நிறைய, சிறியதன் முகத்தில் வலி நம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அமெரிக்காவில் 2002இல் விலங்கு நலச் சட்டத்தைத் திருத்தி, ஆய்வுக்கென்று வளர்க்கப்படும் எலியையும் சுண்டெலியையும் பறவையையும் விலங்கு என்ற வரையறையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் கணக்கில் அவை வருவதில்லை. நம் சட்டத்தில் மனிதர் அல்லாத எந்த உயிரும் விலங்குதான். நம்முடையது மேல் என்று மார்தட்ட இது இடமல்ல. எண்ணிக்கைக்குள் வருகிற எலிக்குத்தான் கேட்பார் உண்டு என்பதற்கு இது சான்று.

அத்வைத நோக்கில் ஒரு மறுப்பு வரலாம். பெயரும் உருவும் மேலோட்டமானவை, உள்ளே இருப்பது ஒன்றே, பிறகு இந்த எலி அந்த எலி என்று பிரித்துக் குறிப்பதில் என்ன ஆன்மிகம் இருக்கிறது? தமிழ் மண்ணின் இரண்டு பெரிய மரபுகள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. சமணத்துக்கு உயிர்கள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் தனி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் முறைப்படுத்திய சைவ சித்தாந்தத்திலும் உயிர்கள் பல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வினை, அதனதன் நுகர்வு. ஓர் உயிரின் துன்பத்தை இன்னோர் உயிரின் கணக்கில் மாற்றி எழுத இந்த மரபுகளில் வழியில்லை. செய்தவனின் வினையும் அப்படித்தான். அது துறையைச் சேராது, நிறுவனத்தைச் சேராது, செய்தவனையே சேரும். அத்வைதியும் அன்றாட வாழ்வில் தன் கடனைத் தன் பெயரில்தான் அடைக்கிறார். எல்லாம் ஒன்று என்று சொல்லி அடுத்தவர் பெயரில் எழுதுவதில்லை. வள்ளலாரின் சீவகாருண்ய நெறியில் இரக்கம் பிறப்பது உயிர்களுக்கிடையே உள்ள உறவுரிமையால். ஒன்றாகிய மூலத்தைச் சொல்லித்தான் அவர் அந்த உறவை நிறுவுகிறார். அந்த ஒருமை அவரைப் பசித்தவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. பசியைப் பொதுவில் கரைக்கவில்லை. 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலை, வருகிற ஒவ்வொரு வயிற்றையும் தனித்தனியே நிரப்புகிற இடம்.

தனி உயிரை மறந்து கூட்டத்துக்கு மட்டும் பெயரிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் மலைகளிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பழனி மலையில் அல்ல, நீலகிரியில். குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு வளர்ந்து, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அங்கே 1920களில் மெக்காரிசன் செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. ஒத்த வயதும் எடையும் உள்ள எலிகளைப் பல குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார். சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு, கூர்க்கர் உணவு, கன்னடர் உணவு, வங்காளியர் உணவு, மதராசியர் உணவு. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியக் குழு எலிகள் மற்றவற்றைவிடக் கனத்துத் திடமாக வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியை நம்பிய மதராசிக் குழு எலிகள் வரிசையின் கடைசியில் நின்றன. எலிகள் எல்லாம் ஒரே இருப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. மாறியது தட்டு மட்டும். இதன் அறிவுப் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உடல் வலிமை ரத்தத்தில் வருகிறது, சில சாதிகள் போர்க்குடிகள், சில அல்ல என்று ஆட்சியாளர் நம்பிய காலத்தில், வலிமை சோற்றில் வருகிறது என்று இந்த எலிகள் காட்டின.

ஆனால் அந்தக் குழுக்களுக்கு வைத்த பெயர்கள் செய்த வேலையையும் பார்க்க வேண்டும். பால் இல்லாத, காய்கறி குறைந்த, தீட்டிய அரிசி உணவு என்பது வறுமையின் உணவு. அதற்கு ஓர் இனத்தின் பெயரைச் சூட்டியபோது, வறுமை மறைந்து இனம் முன்னால் வந்து நின்றது. எலிகளை வைத்து இனவாதத்தை மறுத்த அதே அட்டவணை, எந்த மாகாணத்தான் மெலிந்தவன் என்பதற்குச் சான்றாகவும் படிக்கப்பட ஏதுவானது. தஞ்சாவூர் மிராசுதாரும் அவர் பண்ணையாளும் ஒரே மதராசிக் கூண்டுக்குள் அடைபட்டார்கள். இன்னொரு பக்கம், அந்தக் குழுவில் ஒவ்வோர் எலிக்கும் என்ன நேர்ந்தது என்பது சராசரிக்குள் கரைந்தது. சராசரி எடை ஒரு குழுவுக்கு உண்டு. சராசரி வலி என்று எந்த உயிருக்கும் கிடையாது. மெலிந்த எலிதான் மெலிகிறது. இதில் மெக்காரிசனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அன்றைய முறை அது. தவறான பெயர் இரண்டு பக்கமும் வெட்டும், மனிதரைப் பற்றியும் பொய் சொல்லும், விலங்கையும் மறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு நம் பக்கத்தில் இல்லை. அட்டையில் நம் வசதிக்கான வகைப்பெயர் மட்டும் இருந்தால் அது சீட்டுதான். இந்த விலங்கு எது, இதற்குப் பொறுப்பு எவர் என்ற இரண்டும் இருந்தால்தான் அது ஒப்புதல்.

அடுத்த மறுப்பு, எண்களைப் பற்றியது. அட்டையில் எழுதுவது பெயரா, வெறும் எண்தானே. எண் என்பது உயிரைப் பொருளாக்கும் வேலை, சிறைக் கைதிக்கு எண் கொடுப்பது போல, என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து, எண் இருப்பதே நல்லது, பெயர் வைத்தால் ஊழியருக்குப் பாசம் வந்து கொல்லக் கை எழாது என்பார்கள். இரு தரப்பும் எண்ணைத் தவறாக மதிப்பிடுகின்றன. உலகில் மிக அதிகம் பயன்படும் ஆய்வகச் சுண்டெலி வகைக்கு சி57பிஎல்/6 என்று பெயர். 1921இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் அதை உருவாக்கியபோது, அபி லாத்ரோப் என்ற பெண்மணி வளர்த்த சுண்டெலிகளிலிருந்து 57ஆம் எண் பெண்ணை எடுத்துக்கொண்டார். அந்த 57தான் இன்றும் பெயரில் இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு சுண்டெலியை உலகம் இன்னும் குறிப்பிட முடிகிறதென்றால் அது எண்ணால்தான். நம் பக்கத்திலும் பாருங்கள். 2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடிப் பகுதியில் தேடப்பட்ட புலிக்கு டி23 என்பது வனத்துறை கொடுத்த குறியீடு. அந்த எழுத்தும் எண்ணும் தமிழ்நாடு முழுவதும் ஒரு தனி உயிரின் பெயராகிவிட்டன. அதைக் கொல்லாதீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்க் கேட்டவர்கள் இருந்தார்கள். கடைசியில் உயிரோடு பிடித்தார்கள். அடையாளமற்ற ஏதோ ஒரு புலி என்று இருந்திருந்தால் அந்த வழக்கைப் போடவே முடிந்திருக்காது. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சுட்டுகிற எந்தக் குறியும் அதற்காகப் பேச வழி திறக்கிறது. பாசம் வரும், கை எழாது என்ற அச்சத்துக்கு என் பதில் சுருக்கமானது: கை எழத் தயங்குவது கெட்ட செய்தி அல்ல.

மிகக் கனமான மறுப்பு கொல்லாமை நெறியிலிருந்து வருகிறது. திருக்குறளில் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. கொல்வதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று ஓர் அதிகாரம் இல்லை. அறுப்புக்கூடத்துக்கு அழகான பெயர்ப்பலகை மாட்டினால் அறுப்பு புண்ணியமாகிவிடுமா? அட்டை சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் கூண்டே சரியாக இருக்கிறது என்று நினைக்க மாட்டார்களா? இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. அட்டை எவரையும் விடுவிக்காது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஆனால் கொல்லாமையை மிகக் கடுமையாகக் கடைப்பிடித்த சமணரே, நடந்துவிட்ட கொலையைப் பொதுவாக வருந்தி விட்டுவிடவில்லை. அவர்களுடைய பிரதிக்கிரமணம் என்ற கழுவாய் வழிபாட்டில், நடக்கும் வழியில் தம் காலால் நேர்ந்த துன்பத்தைக்கூட ஓரறிவு உயிர் முதல் ஐந்தறிவு உயிர் வரை வகை வகையாக எண்ணிச் சொல்லித்தான் வருந்துகிறார்கள். எண்ணாத துன்பத்துக்கு எப்படி வருந்துவது? ஜப்பானில் பல பல்கலைக்கழகங்கள் ஆய்வில் இறந்த விலங்குகளுக்கு ஆண்டுதோறும் நினைவு வழிபாடு நடத்துகின்றன. நல்ல பழக்கம். ஆனால் கூட்டாக ஒருநாள் கைகூப்புவது, அன்றன்றைக்கு ஒவ்வொரு கூண்டிலும் பெயர் எழுதுவதற்கு ஈடாகாது.

ஒழிப்பை விரும்புகிறவர்களும் எழுத்திலிருந்துதான் தொடங்க முடியும் என்பதற்கு நம் ஊர் வரலாறே சான்று. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பிறகு விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்த பின் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் வந்த சட்டம் அவர் விரும்பியதெல்லாம் அல்ல. அதன் பிரிவு 14 அறிவு வளர்ச்சிக்காகவும் மனித, விலங்கு, தாவர நோய்களை எதிர்க்கவும் செய்யும் சோதனைகள் சட்டவிரோதமல்ல என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 17, நிறுவனத்தில் நடக்கும் சோதனைக்கு அதன் பொறுப்பாளரே பொறுப்பு என்றும், வெளியே தனியாகச் செய்பவர் தம் முழுப் பொறுப்பில் செய்ய வேண்டும் என்றும், உரிய பதிவேடுகள் வைக்க வேண்டும் என்றும் விதிகள் செய்ய வழிவகுக்கிறது. 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராக அவர் இருந்தார். சோதனையே கூடாது என்று நினைப்பவர் இந்தச் சட்டத்தை அரைகுறை என்பார். அரைகுறைதான். ஆனாலும் எத்தனை, எங்கே, எவருடைய கையால் என்று தெரிந்த பிறகுதான் எதையும் குறைக்கவோ நிறுத்தவோ முடியும். பதிவில்லாத இடத்தில் இரக்கத்துக்கு முகவரி இல்லை.

நடைமுறை தெரிந்தவர்கள் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: எல்லாம் காகிதம்தான், ஆய்வு முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்புகிறார்கள், அல்லது பட்டைக்குறியை ஒட்டிவிட்டு எல்லாம் கணினியில் இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் அட்டை கூண்டிலேயே, கண்ணால் படிக்கும்படி, மனிதப் பெயரோடு இருக்க வேண்டும் என்கிறேன். பட்டைக்குறி கருவிக்குப் பேசும். நள்ளிரவில் மூச்சு வாங்கும் எலியைப் பார்க்கிற கடைநிலை ஊழியருக்கு அது ஒன்றும் சொல்லாது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பக்கச்சார்பு வராமலிருக்க எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்பதை மறைத்து வைக்கும் முறை இருக்கிறதே என்று கேட்டால், மருந்தின் பெயரைக் குறியீட்டில் மறைப்பது சரி. பொறுப்பாளரின் பெயரை மறைக்க எந்த அறிவியல் காரணமும் இல்லை. இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை: எந்த அறிகுறி தெரிந்தால் ஆய்வை நிறுத்தி இந்த விலங்கை வலியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற வரி. அனுமதி கேட்கும் படிவத்தில் அது பெரும்பாலும் இருக்கிறது. படிவம் அலுவலக அலமாரியில் இருக்கிறது. எலியோ வேறு அறையில் இருக்கிறது.

ஒவ்வொரு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிலும் அறிவியலாளர் அல்லாத, சமூக அக்கறையுள்ள உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ ஓய்வு பெற்ற அலுவலராகவோ இருக்கும் அவர், கூட்ட அறையில் தடித்த கோப்புகளுக்கு நடுவே அறிவியல் சொற்கள் புரியாமல் பேசாமல் இருந்துவிடுவது வழக்கம். அவருக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைப் படிப்பதற்கு முன் விலங்கு இல்லத்துக்குள் போய், ஏதாவது பத்துக் கூண்டுகளின் அட்டையைப் படித்துப் பாருங்கள். இந்த எலி எது, யார் பொறுப்பு, எதற்காக, எதுவரைக்கும் என்று அட்டையை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாத கூண்டு ஒன்று இருந்தாலும், அது சரியாகும் வரை புதிய ஆய்வு எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.